தேம்ஸ் நதிக்கரையில் அறபு நாளிதழ்கள்

ஒரு மொழியிலே வெளியாகும் தினசரிப் பத்திரிகை, அம்மொழியைப் பேசும் மக்களின் நடுவிலேயே எழுதப்பட்டு, அங்கேயே அச்சேறி, அங்கேயே விற்பனையாவது உலக வழக்கு. எனினும் இவ்வழக்குக்கு மாறாக, தன் வாசகர்கள் வாழும் நிலத்துக்கு ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், தன் மொழியின் ஓர் எழுத்தைக்கூட அறியாத மக்களின் மத்தியிலே ஆசிரியபீடத்தை அமைத்துக்கொண்டு, அங்கிருந்து நாள்தோறும் தாயகத்தாருக்குச் செய்தி சொல்லும் பத்திரிகைகளும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில், அறபு மொழியின் பெயர்பெற்ற நாளிதழ்களுட் சில கெய்ரோவிலிருந்தோ, பெய்ரூத்திலிருந்தோ, பக்தாத்திலிருந்தோ வரவில்லை. பிரித்தானியத் தலைநகராம் லண்டனிலிருந்தே வந்தன.

இஃது எவ்வாறு நிகழ்ந்தது? வீட்டிலே பேசமுடியாததை அயல்வீட்டுத் திண்ணையில் நின்று பேசுவதால் பேச்சுக்குச் சுதந்திரம் கிடைத்துவிடுமா? இவ்வினாக்களுக்கு அறபுப் பத்திரிகைகளின் வரலாறு சுவையான விடைகளையும், சில வேளைகளில் நெஞ்சை உலுக்கும் விடைகளையும் தருகின்றது. அவ்வரலாற்றின் ஒரு கிளை நம் இலங்கைத் தீவின் கரையையும் தொட்டுச் செல்கின்றது என்பது பலரும் அறியாத செய்தியாகும்.

நீலக் கண்ணாடிக்காரர்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே எகிப்து நாட்டை ஆண்டவர் கெதீவ் இஸ்மாயில். அவர் ஐரோப்பிய வட்டிக்கடைகளிடம் பட்ட கடன் நாட்டையே விழுங்கிக்கொண்டிருந்தது. அவ்வேளை, 1877ஆம் ஆண்டிலே, யாகூப் ஸன்னூ என்னும் எகிப்திய யூதர் கெய்ரோவில் ஒரு நகைச்சுவைப் பத்திரிகையைத் தொடங்கினார். 'அபூ நத்தாரா ஸர்கா' என்பது அதன் பெயர். 'நீலக் கண்ணாடிக்காரர்' என்று பொருள். பண்டிதரின் அறபு நடையை விடுத்து, சந்தையிலும் தெருவிலும் சாதாரண எகிப்தியர் பேசும் பேச்சு வழக்கிலேயே அது எழுதப்பட்டது. கெதீவின் ஊதாரித்தனத்தை எள்ளி நகையாடிய அப்பத்திரிகையை அரசு சகித்துக்கொள்ளவில்லை. பத்திரிகை தடைசெய்யப்பட்டது, 1878இல் ஆசிரியர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

பாரிஸ் நகரைச் சேர்ந்த ஸன்னூ அங்கிருந்து தம் பணியைத் தொடர்ந்தார். கையால் எழுதி, கேலிச்சித்திரங்களும் வரைந்து, கல்லச்சிலே பதித்து, எகிப்துக்கு இரகசியமாக அனுப்பினார். ஒரு பெயருக்குத் தடை வந்தால் மறு பெயரில் வெளியிட்டார். கடல் கடந்த அறபுப் பத்திரிகை என்னும் மரபுக்கு அவர் தொடக்ககால முன்னோடிகளுள் ஒருவர்.

ஒரே எழுச்சி, இரு கரைகள்

1881, 1882ஆம் ஆண்டுகளில் எகிப்திய இராணுவத்தைச் சேர்ந்த அஹ்மத் ஒராபி பாஷாவின் தலைமையிலே, அந்நியர் ஆதிக்கத்துக்கு எதிராக ஒரு பேரெழுச்சி தோன்றியது. 1882 செப்டெம்பரில் தெல் எல் கெபீர் என்னும் இடத்தில் நடந்த போரில் பிரித்தானியப் படை அதை முறியடித்தது. ஒராபியும் அவருடன் நின்ற பாஷாக்களும் நாடுகடத்தப்பட்டு, 1883 ஜனவரியிலே கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினர். அவர்களுள் ஒருவர் நவீன அறபுக் கவிதையின் முன்னோடி எனப் போற்றப்படும் மஹ்மூத் சாமி அல் பாரூதி ஆவார்.

இலங்கை முஸ்லிம்களின் கல்வி மறுமலர்ச்சிக்கு உழைத்த அறிஞர் சித்திலெவ்வை, 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். அவர் ஒராபி பாஷாவின் நட்பைப் பெற்றார். கொழும்பிலே 1892இல் உருவான ஸாஹிராக் கல்லூரியின் தோற்றத்தில் இவ்விருவருக்கும் பங்குண்டு. ஒராபி 1901இல் தாயகம் திரும்பும்வரை கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்தார்.

அதே எழுச்சியின் காரணமாக நாடுகடத்தப்பட்ட மற்றுமொருவர் ஷெய்கு முஹம்மத் அப்துஹு. அவர் முதலில் பெய்ரூத்துக்குச் சென்று, பின்னர் 1884இல் பாரிஸை அடைந்தார். அங்கே தம் ஆசான் ஜமாலுத்தீன் அல் ஆப்கானியுடன் இணைந்து 'அல் உர்வதுல் வுத்கா' என்னும் அறபுப் பத்திரிகையை வெளியிட்டார். 1884 மார்ச் முதல் ஒக்டோபர் வரை 18 இதழ்களே வந்தன. பெரும்பாலும் இலவசமாகவே அது தபால் மூலம் அனுப்பப்பட்டது. ஆங்கில ஆட்சியை வன்மையாகக் கண்டித்த அப்பத்திரிகை எகிப்திலும் இந்தியாவிலும் தடுக்கப்பட்டது. எகிப்திலே அதை வைத்திருப்போருக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. எட்டு மாதமே வாழ்ந்த அவ்விதழின் கருத்துக்கள் முஸ்லிம் உலகெங்கும் பல்லாண்டு பேசப்பட்டன. அதை எழுதிய அப்துஹு 1888இல் தாயகம் திரும்பி, 1899இல் எகிப்தின் தலைமை முப்தியாக உயர்ந்தார்.

ஒரே எழுச்சி ஒருவரைக் கண்டி மலைகளுக்கும், மற்றவரைப் பாரிஸ் மாநகருக்கும் அனுப்பியது. முன்னவர் தாம் வந்து சேர்ந்த நாட்டிலே கல்விக்குத் துணைநின்றார். பின்னவர் தாம் விட்டு வந்த நாட்டுக்கு அச்செழுத்தால் செய்தி அனுப்பினார். கடல் கடந்து பத்திரிகை நடத்துவோருக்கு நேரும் இரு பெரும் இடர்களை அப்துஹுவின் முயற்சி அன்றே காட்டிவிட்டது. இதழை எழுதுவது எளிது. எல்லையைத் தாண்டச் செய்வது கடினம். எல்லையைத் தாண்டினாலும், விற்பனை வருவாய் இல்லாத இதழுக்கு நெடுநாள் செலவு செய்பவர் யார் என்பது அடுத்த கேள்வி.

பெய்ரூத்தின் உயர்வும் சிதறலும்

இருபதாம் நூற்றாண்டிலே அறபு நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை பெற்றன. ஆயினும் பல நாடுகளில் இராணுவப் புரட்சிகள் நிகழ்ந்து, பத்திரிகைகள் அரசின் கைக்குள் வந்தன. எகிப்திலே 1960ஆம் ஆண்டு ஜனாதிபதி நாசரின் அரசு பெரிய பத்திரிகை நிறுவனங்களைத் தனியார் கையிலிருந்து மாற்றி, ஆளும் கட்சி அமைப்பின் கீழ்க் கொணர்ந்தது. இந்நிலையில் ஓரளவு சுதந்திரமாக எழுதக்கூடிய நகராக எஞ்சியது லெபனானின் தலைநகராம் பெய்ரூத். பல மதத்தாரும் பல கட்சியாரும் வாழ்ந்த அந்நாட்டில் எவராலும் மற்றவரை முற்றாக அடக்க முடியவில்லை. அதனால் எல்லாருடைய குரலும் ஒலித்தது. அறபுலக அரசுகள் பல தத்தம் கொள்கையைப் பரப்ப அங்குள்ள பத்திரிகைகளுக்குப் பொருளுதவி செய்தன என்பதும் உண்மையே.

அங்கே 1946 ஜனவரியில் கமீல் முரூவ்வா என்பவர் 'அல் ஹயாத்' என்னும் நாளிதழைத் தொடங்கினார். 'வாழ்வு' என்பது அப்பெயரின் பொருள். செய்தியைச் செய்தியாகவும், கருத்தைக் கருத்தாகவும் பிரித்துத் தந்த அந்நாளிதழ் அறபுலகெங்கும் மதிப்புப் பெற்றது. முரூவ்வா நாசரின் கொள்கைகளைத் துணிவுடன் விமர்சித்தார். 1966 மே 16ஆந் திகதி தம் அலுவலக மேசையிலேயே அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

ஆசிரியரை இழந்தும் நிலைத்த பத்திரிகை உள்நாட்டுப் போரைத் தாங்கவில்லை. 1975 ஏப்ரலில் லெபனானிலே மூண்ட போரினால் மறு ஆண்டே 'அல் ஹயாத்' நின்றது. பத்திரிகையாளர் பலர் பாரிஸுக்கும், லண்டனுக்கும், சைப்பிரஸ் தீவுக்கும் சிதறினர். அறபு வாரப் பத்திரிகைகள் பல பாரிஸ் நகரத்திலேயே புதிதாகத் தோன்றின. ஒரு நகரத்தின் பத்திரிகைத் தொழில் முழுவதுமே மூட்டை முடிச்சுடன் இடம்பெயர்ந்த அபூர்வ நிகழ்ச்சி அது.

பச்சைத் தாளின் பிறப்பு

இவ்வேளையிலே லண்டன் மாநகர் அறபுப் பத்திரிகையாளருக்கு ஏற்ற களமாக அமைந்ததற்குக் காரணங்கள் பல. அங்கே பத்திரிகை தொடங்க அரசின் முன் அனுமதி தேவையில்லை. அச்சுக்கு முன் தணிக்கையும் இல்லை. பி.பி.சி. நிறுவனம் 1938 ஜனவரியிலேயே அறபு மொழி ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தமையால், தேர்ந்த அறபுச் செய்தியாளர் பலர் அந்நகருக்குப் பழகியிருந்தனர். 1973க்குப் பின் எண்ணெய் விலை உயர்ந்ததும் வளைகுடா நாட்டுச் செல்வந்தர் கோடை காலத்தை அங்கே கழிக்கலாயினர். எல்லா அறபுத் தலைநகர்களுக்கும் அங்கிருந்து விமானத் தொடர்பும் தொலைபேசித் தொடர்பும் இருந்தன. அறபுத் தலைநகர் இரண்டு ஒன்றுடனொன்று பேசாதிருந்த நாட்களிலும், இரண்டுடனும் லண்டனிலிருந்து பேச முடிந்தது!

1978 ஜூலை 4ஆந் திகதி, ஹிஷாம் அலி ஹாபிஸ், முஹம்மத் அலி ஹாபிஸ் என்னும் சவூதி சகோதரர் இருவர் 'அஷ்ஷர்க் அல் அவ்ஸத்' என்னும் நாளிதழை லண்டனில் தொடங்கினர். 'மத்திய கிழக்கு' என்பது அதன் பொருள். பத்திரிகைத் தொழில் அவர்களுக்குக் குலத்தொழில் போன்றது. அவர்களின் தந்தையாரும் சிறிய தந்தையாரும் 1937இல் மதீனா நகரின் பெயராலேயே ஒரு பத்திரிகையை நிறுவியவர்கள். புதிய நாளிதழின் முதலாவது ஆசிரியராக அமர்ந்தவர் ஜிஹாத் அல் காஸின். சவூதி முதலும் லெபனானிய அனுபவமும் அங்கே கைகோத்தன.

லண்டனின் 'பைனான்சியல் டைம்ஸ்' பத்திரிகையை அதன் இளஞ்சிவப்புத் தாளால் எவரும் அடையாளம் காண்பர். அவ்வாறே இந்நாளிதழின் வெளிப்பக்கங்கள் பச்சை நிறத் தாளில் அச்சாகின. கடையிலே நூறு பத்திரிகைகள் தொங்கினாலும் 'பச்சைத்தாள்' தனித்துத் தெரியும். அறபு மக்களின் சர்வதேச நாளிதழ் என்று அது தன்னைத் தானே அழைத்துக்கொண்டது.

லண்டனில் எழுதிய பத்திரிகை மறுநாட் காலையில் ஜித்தாவிலும் கெய்ரோவிலும் எவ்வாறு கிடைக்கும்? விமானத்தில் கட்டுக்கட்டாக அனுப்பினால் செய்தி பழசாகிவிடும், கூலியும் மிகும். எனவே இப்பத்திரிகை, செயற்கைக் கோள் வழியாகப் பக்கங்களை அனுப்பும் முறையை அறபுலகில் முன்னோடியாகக் கையாண்டது. லண்டனில் கோத்து முடித்த பக்கத்தை ஓர் இயந்திரம் கோடு கோடாக வருடி, வெண்மை கருமைகளை மின் குறிகளாக மாற்றும். அக்குறிகள் விண்ணிலுள்ள கோளைத் தொட்டுத் தரையிறங்கும். மறுமுனையிலுள்ள இயந்திரம் அவற்றைப் படச்சுருளிலே மீண்டும் பக்கமாக வரையும். அதிலிருந்து அச்சுத் தகடு செய்து, உள்ளூர் அச்சகத்திலேயே பிரதிகளை அடித்துவிடலாம். காலப்போக்கில் நான்கு கண்டங்களில் பத்துக்கு மேற்பட்ட நகரங்களிலே அது ஒரே நேரத்தில் அச்சாகலாயிற்று. ஸன்னூவின் கல்லச்சுத் தாளுக்கும் இதற்குமிடையே கழிந்த காலம் நூறு ஆண்டே!

பத்தாண்டுக்குப் பின், 1988இல், 'அல் ஹயாத்' நாளிதழும் லண்டனில் மறுபிறவி எடுத்தது. கொலையுண்ட ஆசிரியரின் மகன் ஜமீல் முரூவ்வா அதை மீண்டும் தொடங்கினார். 'அஷ்ஷர்க் அல் அவ்ஸத்' இதழின் முதலாசிரியராக இருந்த அதே ஜிஹாத் அல் காஸின் இதற்கும் ஆசிரியரானார். மறு ஆண்டு, பாலஸ்தீனரான அப்துல் பாரி அத்வானை ஆசிரியராகக் கொண்டு 'அல் குத்ஸ் அல் அறபி' தோன்றியது. முன்னிரண்டும் செல்வப் பின்னணி உடையவை. மூன்றாவதோ சிறிய அலுவலகத்தில், சிறிய முதலில் நடந்தது.

பல நாடுகளுக்கு ஒரே நடை

அறபு லீக்கில் அங்கம் வகிக்கும் நாடுகள் 22. மொரோக்கோவின் மீனவர் பேசும் அறபும், ஈராக்கின் உழவர் பேசும் அறபும் எளிதில் ஒன்றையொன்று விளங்கா. ஆயினும் எழுதும் அறபு எங்கும் ஒன்றே. யாழ்ப்பாணத்தார் 'கதைப்பர்', சென்னையார் 'பேசுவர்' எனினும், இருவரும் ஒரே தமிழ்ப் பத்திரிகையைப் படிக்க முடிவதை இதற்கு ஓரளவு ஒப்பிடலாம்.

எனினும் எழுத்து நடையிலும் சில சிக்கல்கள் எழுந்தன. எடுத்துக்காட்டாக, ஆங்கில ஆண்டின் முதல் மாதத்தைப் பெய்ரூத்திலும் டமஸ்கஸிலும் 'கானூன் அஸ்ஸானி' என்பர். கெய்ரோவிலே 'யனாயிர்' என்பர். தூனிஸிலோ பிரெஞ்சு வாடையுடன் 'ஜான்பி' என்பர். ஒரு நாட்டுப் பத்திரிகைக்கு இஃது ஒரு பொருட்டன்று. எல்லா நாட்டாருக்குமான பத்திரிகை யாது செய்வது? ஒரு பெயரை எழுதி, மறு பெயரை அடைப்புக்குள்ளே இடும் வழக்கத்தை இந்நாளிதழ்கள் கையாண்டன. ஒரு சொல்லைத் தெரிவதிலும் ஆசிரியர் எல்லா நாட்டு வாசகரையும் மனத்தில் இருத்த வேண்டியிருந்தது. சூடானிய எழுத்தாளரின் கட்டுரைக்கு மொரோக்கோ வாசகரும், அதற்குச் சிரிய அறிஞரும் அதே பக்கங்களில் மறுமொழி எழுதும் வாய்ப்பு இவ்வாறு உண்டாயிற்று.

குருதி படிந்த பக்கங்கள்

இத்தூரம் எழுத்தாளருக்குப் பாதுகாப்பாகவும் அமைந்ததா? வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

1980 ஏப்ரல் 11ஆந் திகதி, பி.பி.சி. அறபுச் சேவையில் பணியாற்றியவரும், லிபிய அரசைக் கண்டித்து எழுதியவருமான முஹம்மத் முஸ்தபா ரமழான், லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் பள்ளிவாசலுக்கு வெளியே சுட்டுக்கொல்லப்பட்டார். 1982 ஏப்ரல் 22ஆந் திகதி பாரிஸ் மார்பூப் வீதியில் 'அல் வதன் அல் அறபி' என்னும் வாரப் பத்திரிகையின் அலுவலகத்தின் முன் கார்க் குண்டு வெடித்தது. வழிப்போக்கரான ஒரு பெண் உயிரிழந்தார். ஏறத்தாழ 60 பேர் காயமுற்றனர்.

எல்லாவற்றினும் அறபு மக்களின் மனத்தை அதிகம் வருத்தியது நாஜி அல் அலியின் முடிவு. பாலஸ்தீனத்தின் கலிலேயப் பகுதியிற் பிறந்து, சிறு வயதிலேயே அகதியாகி, லெபனானின் ஐன் அல் ஹில்வே முகாமில் வளர்ந்த கேலிச்சித்திரக்காரர் அவர். 'ஹன்ழலா' என்னும் பத்து வயதுச் சிறுவனைத் தம் சித்திரங்களில் வரைந்தார். ஒட்டுப்போட்ட உடையும் வெறுங்காலுமாக, கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு, உலகுக்கு முதுகைக் காட்டி நிற்பான் அச்சிறுவன். தாயகம் திரும்பும்வரை அவன் வளரவுமாட்டான், முகத்தைத் திருப்பவுமாட்டான் என்றார் ஓவியர். இஸ்ரேலை மட்டுமன்றி அறபு அரசுகளையும், பாலஸ்தீனத் தலைவர்களையும் அவர் தூரிகை விட்டுவைக்கவில்லை. 1985இல் குவைத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, லண்டனிலிருந்து வெளியான குவைத் நாளிதழ் 'அல் கபஸ்' இன் சர்வதேசப் பதிப்புக்கு வரைந்தார். 1987 ஜூலை 22ஆந் திகதி, பட்டப்பகலில், அவ்வலுவலகத்தின் அருகே அவர் சுடப்பட்டார்; ஆகஸ்ட் 29ஆந் திகதி இறந்தார். முப்பது ஆண்டு கழிந்து, 2017இல் லண்டன் பொலிசார் அவ்வழக்கிலே தகவல் தருமாறு பொதுமக்களிடம் மீண்டும் வேண்டுகோள் விடுத்தனர். ஹன்ழலாவோ இன்றும் பாலஸ்தீனச் சுவர்களில் நிற்கின்றான்.

1997 ஜனவரியில் 'அல் ஹயாத்' அலுவலகங்களுக்குத் தபாலில் குண்டுகள் வந்தன. வாஷிங்டன், நியூயோர்க், லண்டன் என எங்கும் வாழ்த்து மடல் போன்ற கடித உறைகளுக்குள் வெடிமருந்து ஒளித்து அனுப்பப்பட்டிருந்தது. லண்டனில் ஒன்று வெடித்து இரு காவலர் காயமுற்றனர். எந்தத் தபால் வழியே அப்துஹுவின் இதழ் ஒருகாலத்தில் பாரிஸிலிருந்து கிழக்கே சென்றதோ, அதே தபால் வழியே இப்போது கிழக்கிலிருந்து குண்டு வந்தது!

பணப்பையின் காவல்

துப்பாக்கியும் குண்டும் சிலரை வீழ்த்தின. ஆனால் நாள்தோறும் எல்லாரையும் கட்டுப்படுத்தியது வேறொன்று. அதுவே பணம்.

லண்டனிலே அறபு நாளிதழ் நடத்தச் செலவு அதிகம். அதற்கு விளம்பரம் தருவோர் பெரும்பாலும் சவூதி முதலிய வளைகுடா நாட்டு வணிகர். வாங்குவோருட் பெருந்தொகையினரும் அந்நாடுகளிலேயே இருந்தனர். ஆகவே அந்நாட்டு எல்லையில் பத்திரிகைக் கட்டு நிறுத்தப்பட்டால், அன்றைய வருவாயும் நின்றுவிடும். லண்டனிலே தணிக்கை அதிகாரி இல்லை என்பது மெய்யே. எனினும் அவர் ஆசிரியரின் மனத்துக்குள்ளேயே குடிபுகுந்துவிடுவார் அல்லவா?

'அஷ்ஷர்க் அல் அவ்ஸத்' சவூதி அரச குடும்பத்துக்கு நெருங்கியது. 1990இல் 'அல் ஹயாத்'தையும் சவூதி இளவரசர் காலித் பின் சுல்தான் வாங்கினார். இதனால் அவை பயனற்றவை எனத் தள்ளிவிடுதல் பிழை. உலகச் செய்திகளிலும், இலக்கியத்திலும், பிற அறபு நாடுகளின் அரசியலிலும் அவை தந்த தரமான எழுத்து, பல உள்நாட்டுப் பத்திரிகைகளிற் காண அரியது. இஸ்லாமியரும் மதச்சார்பற்றோரும் இடதுசாரிகளும் 'அல் ஹயாத்' பக்கங்களில் வாதிட்டனர். ஆனால் உடைமையாளரின் சொந்த வாசலைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் தாழ்ந்தது. அத்தாழ்ந்த குரலும் சில வேளை பொறுக்கப்படவில்லை. சவூதி இளவரசருக்கே சொந்தமான அதே 'அல் ஹயாத்', 2007 ஆகஸ்டில் சவூதி அறேபியாவுக்குள்ளேயே சில நாட்கள் தடுக்கப்பட்டது.

'அல் குத்ஸ் அல் அறபி' வேறு வழியிற் சென்றது. 1990, 1991இல் குவைத் நெருக்கடியின்போது, அந்நியப் படைகள் வளைகுடாவிற் குவிவதை அது எதிர்த்தது. அரசுகள் வெறுத்த கருத்துக்களை அச்சிட்டது. அதனாலேயே பணக்கார விளம்பரங்கள் அதன் பக்கத்தை எட்டிப் பார்க்கவில்லை. பணமுடை அதன் நிரந்தரத் தோழனாயிற்று. கால் நூற்றாண்டு அளவு அதை நடத்திய அத்வான் 2013 ஜூலையில் விலகினார்.

ஆகவே லண்டன் வாசம் தந்தது முழுச் சுதந்திரமன்று. எசமானைத் தெரிந்தெடுக்கும் சுதந்திரமே எனின் மிகையன்று. எனினும் அதுவும் சிறிதன்று. ஒரு நாட்டைப் பற்றி அந்நாட்டுப் பத்திரிகை சொல்லாததை, மற்றொரு நாட்டாரின் பணத்தில் நடக்கும் பத்திரிகை சொல்லிற்று. மூன்றையும் வாங்கி ஒப்பிட்டுப் படித்த வாசகர், எதிலும் முழுமையாக இல்லாத உண்மையைத் தாமே தொகுத்துக்கொண்டார்.

ஓர் எழுத்தாளரின் இறுதி வேண்டுகோள்

இம்மரபின் வலிமையையும் வரம்பையும் தம் வாழ்வாலேயே காட்டியவர் ஜமால் கஷோக்ஜி. மதீனாவிற் பிறந்த இவர் இளமையில் 'அஷ்ஷர்க் அல் அவ்ஸத்'துக்கும், பின்னர் 'அல் ஹயாத்'துக்கும் செய்தியாளராகப் பல நாடுகளில் உழைத்தவர். பிற்காலத்திலே 'அல் ஹயாத்'தில் தொடர்ந்து கட்டுரை எழுதிவந்தார். 2017 செப்டெம்பரில் உடைமையாளரின் ஆணையால் அப்பத்தி நிறுத்தப்பட்டது. அமெரிக்கா சென்ற அவர் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் எழுதலானார். அப்பத்திரிகை அவர் கட்டுரைகள் சிலவற்றை அறபிலும் வெளியிட்டது.

2018 ஒக்டோபர் 2ஆந் திகதி, தம் திருமணத்துக்கு வேண்டிய பத்திரத்தைப் பெறுவதற்காக இஸ்தான்புல் நகரிலுள்ள சவூதித் துணைத் தூதரகத்துக்குள் சென்ற கஷோக்ஜி, அங்கேயே கொல்லப்பட்டார். அவர் ஏற்கெனவே எழுதி அனுப்பியிருந்த இறுதிக் கட்டுரை ஒக்டோபர் 17ஆந் திகதி வெளியானது. அறபு மக்களுக்கு இன்று அதிகம் தேவையானது கருத்துச் சுதந்திரமே என்பது அதன் சாரம். அதிலே அவர் ஒரு பழைய எடுத்துக்காட்டை நினைவூட்டினார். பாரிஸிலிருந்து வெளியான 'இன்டர்நாஷனல் ஹெரால்ட் ட்ரிபியூன்' நாளிதழை 1967இல் அமெரிக்காவின் இரு பெரும் பத்திரிகைகள் கூட்டாக ஏற்று, அதைப் பல நாட்டுக் குரல்களுக்கு மேடையாக்கின. அதுபோல, எந்த அரசின் பிடிக்கும் உட்படாத, எல்லை கடந்த ஒரு மேடை அறபு மக்களுக்கும் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். எல்லை கடந்த இரு அறபு நாளிதழ்களில் ஆண்டுக்கணக்காகப் பணிபுரிந்தவரே அத்தகைய ஒன்று இனித்தான் தோன்ற வேண்டும் என்று எழுதியதன் பொருளை வாசகர் சிந்திக்கலாம்.

அதே 2018ஆம் ஆண்டிலேயே 'அல் ஹயாத்' தன் பெய்ரூத், லண்டன் அலுவலகங்களை மூடியது. 2020க்குள் அது முற்றாக மறைந்தது. இளவரசரின் பணம் நின்றதும் பத்திரிகையும் நின்றது. கொலைஞனின் குண்டும், உள்நாட்டுப் போரும், தபாலில் வந்த வெடியும் அழிக்காத பெயரை ஒரு கணக்கேடு அழித்துவிட்டது.

'அஷ்ஷர்க் அல் அவ்ஸத்', 'அல் குத்ஸ் அல் அறபி' ஆகியவை இன்றும் வெளிவருகின்றன. எனினும் அவற்றைச் சூழ்ந்த உலகம் மாறிவிட்டது. 1996இல் தோன்றிய 'அல் ஜஸீரா' போன்ற தொலைக்காட்சிகளும், பின்னர் வந்த இணையமும் எல்லைக் காவலரைக் கேட்காமலேயே வீட்டுக்குள் நுழைகின்றன. இன்று ஒரு கட்டுரையை அனுப்புவதற்குக் கல்லச்சும் வேண்டாம். செயற்கைக் கோளுக்குத் தனிக் கட்டணமும் வேண்டாம். ஆனால் செய்தியாளருக்கு ஊதியம் கொடுக்க வேண்டும்; உண்மையை நேரிற் சென்று விசாரிக்கச் செலவு செய்ய வேண்டும். அப்பணம் எங்கிருந்து வருகின்றது என்னும் கேள்வி 1884இல் போலவே நிற்கின்றது.

மாணவர்கள் ஒரு செய்தித்தாளைக் கையில் எடுக்கும்போது, அஃது அச்சான ஊரின் பெயரை மட்டும் பார்ப்பது போதாது. அதற்குப் பணம் கொடுப்பவர் யார், அது நுழையவேண்டிய வாசல்களைக் காப்பவர் யார் என்பவற்றையும் வினவிப் பழகுதல் நன்று. நாளொன்றுக்குச் சில காசு கொடுத்து வாங்கும் ஆயிரமாயிரம் வாசகர் ஒரு பத்திரிகையைத் தாங்கும்போது, அதன் ஆசிரியர் எந்த ஒருவருக்கும் அஞ்சவேண்டியதில்லை. கஷோக்ஜி கேட்ட மேடைக்கு லண்டனோ பாரிஸோ இடங்கொடுக்கலாம். அதை நிலைநிறுத்த வேண்டியவர்கள் அதை வாங்கிப் படிப்பவர்களே.